மிஷினை உள்ளே தள்ளாதே

நாகர்கோவில்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை,

பேத்திக்குக் காது குத்து முடிந்த அலுப்பில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் காபித்தூள் கடையைப் புதுப்பிக்கும் படங்களைப் பார்த்தேன். அலுமினிய ஏசிபி ஷீட், ஃபால்ஸ் சீலிங், கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லாம் பளபளவென்று இருக்கிறது. பெயர்ப்பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். செல்போன் கடையா, ரத்தப் பரிசோதனை நிலையமா என்றே தெரியவில்லை. காபித்தூள் கடை என்று மட்டும் தோன்றவில்லை. உன் மகன் 'பிராண்டிங்' என்கிறானே, அது இதுதானா?

போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கத் திருவனந்தபுரம் போயிருந்தேன். தம்பானூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அந்த இந்தியன் காபி ஹவுஸ். செங்கல் நிறத்தில் திருகி நிறுத்தின மாதிரி ஒரு வட்டக் கோபுரம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேஜையையும் பெஞ்சையும் கட்டியே விட்டிருக்கிறார். தரை சரிந்தாலும் மேஜை மட்டமாக இருக்கும், டம்ளர் அசையாது. சுவர் நெடுக ஓட்டைகள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அதுதான் வழி.

1950களில் அரசின் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று வேலையாட்களையே கூட்டுறவுச் சங்கமாக்கி எடுத்து நடத்தச் செய்த கடைகளின் வரிசையில் வந்தது அது. தொழிலாளிகளே முதலாளிகள். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடையாது என்பேன். யார் வந்தாலும் ஒரே சரிவில் ஏறி, ஒரே மாதிரி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பீட்ரூட் போட்ட அந்த மசால் தோசை எனக்கு இன்றைக்கும் இறங்காது. ஆனாலும் அந்த ஊருக்குப் போனால் கால் தானாக அங்கேதான் போகிறது.

மவுண்ட் ரோடு பஸ்ஸில் கண்டக்டர் "எல்.ஐ.சி. இறங்கு" என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? 1959-இல் எழும்பிய உயரமான மாடிக் கட்டடம். பாலிசி எடுக்காதவனுக்கும் அந்தக் கட்டடத்தால் அந்தப் பெயர் தெரியும்.

உங்கள் பழைய கடைக்கு மாடி எதற்கு, வாசனை போதும். உன் அப்பா காபி அரைக்கும் மிஷினை வாசலிலேயே போட்டிருந்தார். தேரடி திரும்பும்போதே மூக்கு சொல்லிவிடும். "சிக்கரி எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே, அரைத்த தூளில் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைப்பார். நீ அனுப்பிய பிளானில் மிஷின் பின்கட்டில் இருக்கிறது. நடுவே இரண்டு கதவு, போதாததற்கு ஏசி. வாசனையைப் பூட்டி வைக்கவா இவ்வளவு செலவு?

மிஷினை முன்னால் கொண்டு வா. தூசி பறக்கும் என்று டிசைனர் சொன்னால், மிஷினுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் வைத்து வீதிப் பக்கம் திருப்பச் சொல். தூசியும் போகும், வாசனையும் தெருவுக்குப் போகும். கண்ணாடிக் கதவு வேண்டாம், பழைய மாதிரி ஷட்டரே இருக்கட்டும். காத்திருக்கிறவர்களுக்கு வாசலில் ஒரு திண்ணை கட்டு. என்னைப் போல முட்டி போனவர்களுக்கு ரொம்ப உபகாரம்.

அப்பாவின் தேக்குக் கல்லாப்பெட்டி எங்கே? படத்தில் காணோம். பழைய மரக்கடைக்குப் போட்டிருந்தால் இன்றைக்கே போய் மீட்டு வா.

பொங்கலுக்கு வருகிறேன். பீபரி கொட்டை அரை கிலோ, காபி 80க்கு சிக்கரி 20, என் முன்னாலேயே அரைக்க வேண்டும்.

உன் பழைய ரூம்மேட்