பைக்கும் காசு, விளம்பரமும் நாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜவுளிக்கடைப் பைகளில் கடைப் பெயர், கிளைகள், தொலைபேசி எண்கள் என இருபுறமும் இடைவெளியே இல்லை. அதைப் பேருந்திலும் ரயிலிலும் சுமந்து ஊரெல்லாம் காட்டுகிற நமக்குக் கூலி கிடையாது. சில கடைகளில் பைக்குத் தனிக் காசு வேறு! பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கிய பாட்டா கடை வழக்கில், வாடிக்கையாளருக்கு இழப்பீடு தரும்படி 2019-இல் சண்டிகர் நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. இங்கே எத்தனை பேருக்கு அது தெரியும்?

விளம்பரமே கூடாது என்பதல்ல. கல்யாண வீட்டு மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் இருக்கிறது. அதற்காக யாராவது தூக்கிப் போடுகிறோமா? மாதக்கணக்கில் மளிகைக்குப் போய்வருகிறது. உறுதியான கைப்பிடி, அகலமான அடிப்பாகம், நடுவில் ஒரு கோலம், ஓரத்தில் சின்னதாய்க் கடைப் பெயர். இப்படிச் செய்தால் பை நையும்வரை விளம்பரம்தான். துணி மாதிரித் தோன்றும் நெய்யாத பைகள் வேண்டாம். பெரும்பாலும் அவை பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்.

வணிகர் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசு வாங்கியே தீருவோம் என்கிற கடைகள் பெயர் அச்சிடாத பையைக் கொடுக்கட்டும்.

- வாசகர், திருச்சி