முக்கால் பைப்பும் நாலு வயரும்

அன்புள்ள மாரி,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், திட்டாதே. உன் மகளுக்கு வேலை கிடைத்ததாக ராஜா சொன்னான், ரொம்ப சந்தோஷம். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம்.

நீயும் மாடியில் சோலார் போடப் போகிறாயாமே. 78,000 ரூபாய் மானியம் என்றதும் கையெழுத்துப் போட்டிருப்பாய், உன்னைத் தெரியாதா! போடவில்லையென்றால் முதலில் இதைப் படி.

நம் வீட்டில் 5 கிலோவாட். கிழக்கே ஐந்து பேனல், மேற்கே ஐந்து. பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு, பக்கத்துக்கு இரண்டாக நாலு டிசி வயர் இறங்க வேண்டும். வந்தவர்கள் நாலையும் முக்கால் இஞ்ச் பைப்பில், அதாவது 20 மி.மீ.யில், திணித்துவிட்டார்கள். வழியில் ஐந்து பெண்டு, அதாவது செங்குத்தாகத் திரும்பும் வளைவு. மேலே இரண்டு பேர் தள்ள, கீழே ஒருவன் இழுக்க, ஹாஸ்டல் கிணற்றில் வாளி எடுத்த கதைதான். நான் காபி கொடுத்து வேடிக்கை பார்த்தேன். எலக்ட்ரிகல் டிப்ளமோவாம் எனக்கு!

ஐப்பசி மழையில் காலையில் இன்வெர்ட்டர் கிளம்பவில்லை. 'இன்சுலேஷன் ஃபால்ட்', அதாவது எங்கோ உறை வழியே மின்சாரம் கசிகிறது என்று காட்டும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். மூன்று வாரம் இன்வெர்ட்டரைத் திட்டினேன். கடைசியில் வயரை உருவினால், மூன்றாவது பெண்டில் உறை கிழிந்து செம்பு தெரிகிறது. பைப்புக்குள் தண்ணீர்.

அதை ஒட்டித்தான் அம்மா வடகம் காயவைப்பாள், மாரி. ஐந்து பேனல் சேர்ந்தால் 250 வோல்ட்டுக்குக் கிட்டே. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்கவும் முடியாது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எழுந்து கணக்குப் போட்டேன். நம் வயர் 4 சதுர மி.மீ. அது செம்பு மட்டும்தான்; உறையோடு வயர் ஐந்தரை மி.மீ. தடிமன். நாலு வயர் 95 சதுர மி.மீ. அடைக்கும். 20 என்பது பைப்பின் வெளி அளவு. உள்ளே பதினாறு சொச்சம், பரப்பு 210 போல. மூன்று வயரோ அதற்கு மேலோ போனால் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. அப்படிப் பார்த்தால் 84தான் இடம். 25 மி.மீ. பைப்பில் 138 கிடைக்கிறது. அதே விதிப்படி நாலு பெண்டுக்கு மேல் போனால், வயரைத் திறந்து இழுக்க நடுவில் பெட்டி வைக்க வேண்டும்.

நான் 25 போட்டு, நடுவில் பெட்டியும் வைத்துவிட்டேன். கூடுதல் செலவு அன்றைய காபிக் காசுதான். நீ பின்னால் பேனல் சேர்ப்பாய், 32 போடு. ஏசி வயருக்குத் தனிப் பைப்.

ஆள் வரும் நாளைச் சொல், பஸ் ஏறி வருகிறேன். காபி நீ போடு.

உன்,
சேகர்