கோனி ஐலண்ட் படத்தொகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இருந்த பழைய கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிய படத்தொகுப்பு நிறைவடைந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு குறிக்க முடிந்ததென்றால் அது உங்களால்தான். அதைப் பொதுவில் சொல்லவே இந்த மடல்.

அஞ்சலட்டைகளை ஸ்கேன் செய்து அனுப்பியவர்களுக்கு முதல் நன்றி. மறக்காமல் பின்பக்கத்தையும் அனுப்பினீர்களே, அதுதான் பேருதவி. அமெரிக்க அஞ்சலட்டையின் பின்பக்கத்தில் முகவரியோடு சேதியும் எழுத அனுமதி கிடைத்தது 1907 மார்ச்சில். அதற்கு முந்தைய அட்டைகளில் சேதி படத்தின் ஓரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். முத்திரைத் தேதியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அட்டை தபாலில் விழுந்த நாளைத்தான் அது சொல்லும், படம் பல வருடம் பழையதாக இருக்கலாம்.

படத்துக்குள்ளேயே ஆண்டைத் தேடக் கற்றுக்கொடுத்தவர்களையும் மறக்க மாட்டோம். ட்ரீம்லேண்ட் என்ற பூங்காவின் வெள்ளைக் கோபுரம் தெரிந்தால் 1904க்கும் 1911க்கும் இடைப்பட்ட படம்; 1911 மே 27 அதிகாலைத் தீயில் அந்தப் பூங்கா முழுக்கச் சாம்பலானது. கடலோர மரப்பலகை நடைபாதை இருந்தால் 1923 அல்லது அதற்குப் பிறகு. ஆட்களை மேலே ஏற்றிப் பாராசூட்டில் இறக்கும் பாராசூட் கோபுரம்தான் ஆளைக் குழப்பும். 1941இல்தான் அது கோனி ஐலண்டுக்கு வந்தது. அதற்கு முன் 1939 உலகக் கண்காட்சிக்காக நியூயார்க்கின் இன்னொரு பகுதியான ஃப்ளஷிங்கில் நின்றது. ஆகவே கோபுரத்தோடு சுற்றுப்புறத்தையும் பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்களை, கடைப்பலகை எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பிடித்தவருக்குத் தனி நன்றி. பகலில் எடுத்த படத்தின் மேல் விளக்குகளை வரைந்து ‘இரவுக் காட்சி’ என்று விற்ற அட்டைகளும் உண்டு. நிழல் விழும் திசை அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மரத் தண்டவாளங்களில் வேலை பார்த்த தச்சர்களுக்கு என்ன சொல்வது! 1927இல் திறந்த சைக்ளோனை மர ரோலர் கோஸ்டர் என்கிறோம். ஆனால் தாங்கி நிற்கும் சட்டகம் எஃகு, தண்டவாளம்தான் மரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி தள்ளிப் பொருத்துவார்கள். சக்கரம் ஓடும் இடத்தில் மேலே எஃகுப் பட்டை. ஈரக் காற்றில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த அசைவில் போல்ட் தளரும். பட்டைக்கு அடியில் தண்ணீர் இறங்கினால், மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துப்போகும். அதனால்தான் பூங்கா திறக்கும் முன் ஒருவர் தடம் முழுக்க நடந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் கேட்கும் ‘டக் டக்’ சத்தத்துக்கும் விளக்கம் தந்தீர்கள்: சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் பற்களில் விழுந்து பிடிக்கும் கொக்கியின் சத்தம் அது.

எங்களைக் கேட்டால், அங்கே மிக நுட்பமான இயந்திரம் 1920இல் வந்த வொண்டர் வீல் என்ற ராட்சத ராட்டினம்தான். உயரம் 150 அடி, கூண்டுகள் 24. எட்டு கூண்டுகள் விளிம்போடு நிலையாக நிற்கும். மற்ற 16 கூண்டுகள் சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளிருக்கும் வளைந்த தடத்தில் சறுக்கி ஓடும். 1977இல் நகரமே இருண்டபோது அதைக் கையால் சுற்றித்தான் ஆட்களை இறக்கினார்கள். அதன் வரைபடத்தைத் தமிழில் குறித்துக் கொடுத்தவரின் உழைப்பு தொகுப்பில் இரண்டு முழுப் பக்கம்.

ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவில் தண்டவாளத்தில் ஓடிய பொம்மைக் குதிரைகளின் படங்களுக்கும், பழைய செய்தித்தாள்களைத் தட்டச்சு செய்தவர்களுக்கும் நன்றி.

இன்னும் படம் வைத்திருப்பவர்கள் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) துல்லியத்தில் ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டாமல், நிறம் திருத்தாமல், இரண்டு பக்கமும் அனுப்புங்கள். ஆண்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

நன்றியுடன்,
படத்தொகுப்புக் குழுவினர்