எதிர்ப்பொருள் இல்லை என்றால் வைரஸ் இல்லை என்று பொருளா? ஆய்வகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வகத் தலைவர்களுக்கு,

வணக்கம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களை நாள்தோறும் கவனித்துவரும் மருத்துவர் என்ற முறையில், உங்கள் அறிக்கைகளில் இடம்பெறும் ‘நெகட்டிவ்’ என்னும் ஒற்றைச் சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

சிறுநீரக மாற்று செய்து மூன்று மாதமே ஆன ஒருவருக்கு ஹீமோகுளோபின் வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது. இரத்தக் கசிவு இல்லை, இரும்புச் சத்தும் குறையவில்லை, ஆனால் இளம் சிவப்பணுக்களை இரத்தத்தில் காணவே முடியவில்லை. சிவப்பணு உற்பத்தியை முடக்கும் பார்வோ வைரஸ் பி19 என்று ஐயப்பட்டு மாதிரி அனுப்பினோம். புதிய தொற்றை எதிர்க்க உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்தது. பத்து நாள் கழித்து அனுப்பியதற்கும் அதே பதில்தான். இருமுறை இரத்தம் ஏற்றிய பின்னர், வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனையில்தான் வைரஸ் ஏராளமாக இருப்பது தெரிந்தது. முதலிலேயே பிசிஆர் கேட்காதது எங்கள் குறை. அதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் கருவியும் பிழை செய்யவில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க நாங்கள் தரும் மருந்துகளே எதிர்ப்பொருள் உருவாவதையும் தடுக்கின்றன என்பதால், அந்த உடலில் ஐஜிஎம்மைத் தேடுவதே பயன் குறைந்த வேலை. இதை அறிக்கையின் அடியில் ஒரு வரியாக எழுதியிருந்தால் அந்தப் பத்து நாள் வீணாகியிருக்காது. இதற்கு நேர்மாறாக, கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலின் ஏற்றப்பட்டவரின் இரத்தத்தில் கொடையாளர்களின் எதிர்ப்பொருளே ‘பாசிட்டிவ்’ என்று காட்டிவிடுவதும் உண்டு.

உறுப்பு மாற்று பெற்றவர்களை அடிக்கடி தாக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கு பிசிஆர் செய்யும் இடங்களிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் அதற்கான முதல் பன்னாட்டு அளவுத்தரத்தை ஏற்படுத்திய பிறகும், சில அறிக்கைகள் பன்னாட்டு அலகில் வராமல் வைரஸ் மரபணுவின் படிகளை எண்ணும் ‘காப்பி’ கணக்கிலேயே வருகின்றன. முழு இரத்தத்தில் அளந்தால், அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவில் அளப்பதைவிட எண் பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். எதில் அளந்தார்கள் என்று எழுதாத அறிக்கையை முந்தைய வார அறிக்கையோடு எப்படி ஒப்பிடுவது? வைரஸின் அளவு சென்ற வாரம் 1,000, இந்த வாரம் 2,000 என்று வந்தால் நோயாளியின் குடும்பம் கலங்கிப்போகிறது. மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கம் பரிசோதனையின் இயல்பான வேறுபாடாகவே இருக்கலாம் என்பதை நீங்கள் அச்சிட்டுத் தந்தால், அவர்களிடம் எடுத்துச்சொல்ல எங்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

பிபி65 ஆன்டிஜென் பரிசோதனையை இன்னும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களுக்குள் சைட்டோமெகலோ வைரஸின் பிபி65 என்னும் புரதத்தைத் தேடும் பரிசோதனை. அந்த அணுக்களே அருகிப்போனவரின் மாதிரியை நெகட்டிவ் என்று அனுப்பாமல், ‘முடிவு கூற இயலாது’ என்று திருப்பி அனுப்புங்கள். குடலைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸ் இரத்தத்தில் தென்படாமலும் போகலாம் என்பதால், திசு மாதிரி தேவைப்படலாம் என்ற குறிப்பையும் சேருங்கள்.

விண்ணப்பத் தாளில் ‘எதிர்ப்புத் திறன் குன்றியவர்’ என்று குறிக்க ஒரு கட்டத்தைச் சேர்த்துத் தாருங்கள். தவறாமல் அதை நிரப்பி அனுப்பும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். அந்தக் கட்டம் நிரப்பப்பட்ட தாளோடு வெறும் ஐஜிஎம் மட்டும் கேட்டு மாதிரி வந்தால், பரிசோதனையைத் தொடங்கும் முன் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள்.

இப்படிக்கு,
உறுப்பு மாற்று நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு மருத்துவர்