தம்பிக்கு, புது லப்டொப்பில் இருந்து

வெள்ளவத்தை
செவ்வாய், விடிய நாலரை மணி

அன்பின் தம்பி,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க நல்லூரான் துணை.

இது நீ வாங்கித் தந்த லப்டொப்பில் நானே தட்டுகிற கடிதம். இங்கிலீசு எழுத்தில் தட்டினால் தமிழில் வருகிறது. ஒரு பந்திக்கு அரை மணித்தியாலம் போகிறது, ஆனால் வருகிறது. அம்மா படுத்திருக்கிறாள். முதல் ரயில் இன்னும் போகவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்று உனக்குப் போன் எடுத்தேன். "பிறகு பாக்கிறன் அப்பா" என்றாய். மூன்று கிழமை ஆகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு வேலை. 2015இல் நீ வந்து நின்றபோது பழைய லப்டொப்பை ஒரு இரவு முழுக்க இருந்து துப்புரவாக்கினாய், அம்மா இரண்டு தரம் பிளேன் ரீ ஊற்றித் தந்தாள். அதற்குப் பிறகு ஏதாவது கோளாறு என்றால் ரொரன்ரோவில் இருந்தபடியே உள்ளே வருவாய். நான் கை வைக்காமலே அம்புக்குறி திரையில் ஓடித் திரியும். அம்மா குசினியில் இருந்து "தம்பி வந்திட்டானா?" என்று கேட்பாள். இந்தமுறையும் அப்படி வருவாய் என்று பார்த்திருந்தோம். சரி. நானே செய்துவிட்டேன். கணக்கைக் கீழே எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்.

முதல் நாளே சிவப்புப் பெட்டி ஒன்று திரையின் மூலையில் வந்து நின்றது. உங்கள் பாதுகாப்பு முடியப்போகிறது, இப்போதே பணம் கட்டுங்கள் என்ற மாதிரி. அம்மா பயந்து போனாள். நானும் பயந்தேன் என்று வை. பாங்க் கார்ட்டை எடுத்து இலக்கத்தைப் பாதி வரைக்கும் தட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுப் பெடியன், மொறட்டுவையில் படிக்கிறவன், தண்ணி மோட்டர் விசயமாக வந்தான். "அங்கிள், என்ன செய்யிறியள்!" என்று கத்தினான். அது வைரஸ் எதிர்ப்பு மென்பொருளாம், 30 நாளுக்குத்தான் சும்மா தருவார்களாம். லப்டொப் செய்கிற கம்பனிக்குக் காசு கொடுத்து அதை முன்கூட்டியே ஏற்றி விடுகிறார்களாம். லப்டொப்பில் வருகிற லாபம் சின்னது, அதை இப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள் என்றான். எனக்கு விளங்கியது. புறக்கோட்டையில் முப்பத்தொரு வருசம் கணக்கு எழுதினவனுக்கு விளங்காதா? இனாமாக ஒரு சாமான் வந்தால் எங்கேயோ ஒரு புத்தகத்தில் பற்று எழுதியிருக்கும்.

இன்னொரு கதையும் சொன்னான், உனக்குத் தெரிந்திருக்கும். 2014, 2015 காலத்தில் லெனோவோ லப்டொப் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்று ஒன்று ஏற்றி வந்ததாம். பார்க்கிற பக்கங்களுக்குள் தன் விளம்பரத்தைச் செருகுவதற்காக, பூட்டுப் போட்ட பக்கங்களையும் திறந்து பார்க்கிற மாதிரித் தன்னுடைய அத்தாட்சிச் சான்றிதழ் ஒன்றை விண்டோசுக்குள் வைத்துவிட்டது. அத்தனை லப்டொப்புக்கும் ஒரே திறப்பு. ஒருத்தன் கையில் அது அகப்பட்டால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். அகப்பட்டதும்தான். மென்பொருளை எடுத்த பிறகும் சான்றிதழ் உள்ளே இருக்கும், அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்ததாம். நம்முடையது வேறு கம்பனி. என்றாலும் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உனக்கு நித்திரை வருகிறதா? உன் வட்சப்பில் கடைசியாகப் பார்த்த நேரத்தை நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை, கண்ணில் படுகிறது. அங்கத்தைய நேரம் விடிய மூன்று மணிக்கு நீ விழித்திருந்து என்ன செய்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடு.

கணக்குக்கு வருகிறேன். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் என்று போனால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பட்டியல் வருகிறது. 61 இருந்தது. எல்லாவற்றையும் சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதினேன். மூன்று நிரல்: இருக்கட்டும், போகட்டும், விசாரி. பெடியன் சிரித்தான். சிரிக்கட்டும். முதல் நாள் விசாரியில் 38 இருந்தது. ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்து, நாலாம் நாள் அது 5 ஆகக் குறைந்தது.

ரியல்ரெக், இன்ரெல் என்று தொடங்குகிறவற்றில் கை வைக்கவில்லை. அதில் ஒன்று சத்தத்துக்கு, ஒன்று வைஃபைக்கு. தெரியாமல் எடுத்தால் லப்டொப் ஊமையாகிவிடும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று ஒரே பெயரில் இரண்டு வரி கிடந்தது. இரட்டைப் பதிவு என்று ஒன்றை வெட்டப் போனேன். நல்ல காலம் பெயரின் கடைசியைப் படித்தேன். ஒன்றில் 64, மற்றதில் 86. இரண்டும் வேண்டுமாம், வேறு மென்பொருள்கள் அதன் மேல்தான் நிற்கின்றனவாம். குப்பை மாதிரித் தெரிவதெல்லாம் குப்பை இல்லை. தொடங்க முதல், ஏதும் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரிஸ்டோர் பொயின்ற் வைத்தேன். அந்த வசதியே நிற்பாட்டிக் கிடந்தது, இயக்கிவிட்டுத்தான் வைத்தேன். இதை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே படித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டோல். முதலில் அந்தச் சிவப்புப் பெட்டிக்காரன். சும்மா போகவில்லை. நிச்சயமா என்று கேட்டான். ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். பாதி விலைக்குத் தரட்டுமா என்றும் கேட்டான், புறக்கோட்டை நடைபாதை வியாபாரி தோற்றுப் போவான். அது போய் லப்டொப் நின்று எழும்பினதும் விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து பார்த்தேன். விண்டோசோடு வருகிற டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்திருந்தது, பச்சைச் சரி போட்டிருந்தது. எங்களுக்கு அது காணும்.

தொடக்கப் பலகையில் இருந்த விளையாட்டுகள் சில உண்மையில் உள்ளேயே இல்லையாம், வெறும் படம்தானாம். அமத்தினால்தான் இறங்குமாம். அவற்றையும் கழற்றினேன். லப்டொப் எழும்பும்போது கூடவே எழும்புகிற கூட்டத்தை டாஸ்க் மனேஜரில் பார்த்து ஏழு பேரை நிற்பாட்டினேன். முந்தி எழும்ப ஒரு நிமிசத்துக்கு மேல் எடுத்தது, இப்போது இருபது செக்கன். அம்மா கடிகாரம் பார்த்துச் சொன்னாள். உன் அப்பனுக்கு எழுபத்து மூன்று வயது, ஞாபகம் வைத்துக்கொள்.

டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறதாமே, அதன் மீட்புத் திறப்பு 48 இலக்கம், அதையும் கொப்பியில் எழுதிக் காணி உறுதியோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதும் நடந்தால் அங்கே பார்.

லப்டொப் வந்த பெட்டியில் பில் இருந்தது. எதையும் எறியாத ஆள் நான் என்று உனக்குத் தெரியும். காசு கட்டினவர் விலாசம் என்று ஒன்று அச்சடித்திருந்தார்கள். ஸ்காபரோ வீட்டு விலாசம் இல்லை. யூனிற் இலக்கம் போட்ட வேறொன்று. புது ஒஃபிஸ் போலும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். ஒஃபிஸ்தானே?

குட்டி நல்ல வளர்ந்துவிட்டாள். இந்த ஞாயிறு வீடியோ கோலில் வருவாளா? கார்த்திகையில் இருந்து ஒரு ஞாயிறு வருகிறாள், அடுத்த ஞாயிறு பிறந்தநாள் விழா, நீச்சல், காய்ச்சல். கலண்டரில் நான் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. கணக்கு எழுதிப் பழகின கண், அவ்வளவுதான். உனக்குப் பின்னால் இப்போது வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரிகிறது. கலியாணப் படம் மாட்டியிருந்த பச்சைச் சுவரைக் கன நாளாகக் காணவில்லை. பெயின்ற் அடித்தீர்களா? மருமகளைக் கேட்டதாகச் சொல். சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாட்டை நம்பி இராதே.

மேல்வீட்டுப் பெடியன் என் சீ.ஆர். கொப்பியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஏன் ஒவ்வொண்டாப் புடுங்கிறியள்? ரீசெற் குடுத்தா கம்பனி போட்டதும் திரும்பி வரும். நான் எட்டு ஜீ.பி. பென்னில விண்டோஸ் கொண்டு வாறன். உள்ளுக்கை இருக்கிறதை முழுக்க அழிச்சு, போமற் அடிச்சு, வெறும் விண்டோசைப் போடுவம். லைசென்ஸ் இலக்கம் போர்ட்டுக்குள்ளையே இருக்கு, கேக்காது" என்றான். நல்ல யோசனைதான். நீயும் அதையே செய்திருப்பாய். எனக்கு அந்தப் போமற் என்ற சொல்லோடு கை ஓடவில்லை. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொல்லவில்லை.

2007. உனக்கு ஏ.எல். சோதனைக்கு நாலு மாதம். யூனிற்றி பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டின அந்தப் பென்டியம் ஃபோர். நீ ரியூசனால் வந்து விடிய ஒரு மணி மட்டும் கிரிக்கெட் விளையாடிக்கொண்டு இருந்தாய். ஒரு சனிக்கிழமை நீ வகுப்புக்குப் போன பிறகு பெட்டியை ஓட்டோவில் ஏற்றிப் பம்பலப்பிட்டிக்குக் கொண்டு போனேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொன்னேன். கடைப் பொடியன் கேட்டான், "உள்ளுக்கை தேவையானது ஏதும் இருக்கா ஐயா? சீடியில எடுத்துத் தரட்டா?" என்று. நான் சொன்னேன், ஒண்டும் இல்லை, எல்லாம் குப்பை. என்னிடம் கேட்டார்கள் தம்பி. கேட்டுவிட்டுத்தான் அழித்தார்கள்.

பின்னேரம் நீ வந்து திரையைப் பார்த்தாய். கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "அப்பம்மா பாடினது?" என்று மட்டும் கேட்டாய். வைரஸ் வந்துவிட்டது என்றேன். கடைக்காரன் எவ்வளவோ முயற்சி செய்தானாம், காப்பாற்ற முடியவில்லையாம் என்று கூட ஒரு பொய்.

2005இல் அப்பம்மா கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு வந்து நின்றபோது நீ அந்தச் சின்ன மைக்கைப் பிடித்துக்கொண்டு அவவின் பின்னால் திரிந்தது எனக்குத் தெரியும். என்ன பதிந்தாய் என்று நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தரம் நீ போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவடியில் நின்று கேட்டேன். உன்னைத் தாலாட்டின பாட்டு. இடையில் ரயில் போகிறது. அவ பாட்டை நிற்பாட்டி, "போகட்டும்" என்கிறா. ரயில் போய் முடிந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடங்குகிறா. அதைக் கேட்டவன்தான் குப்பை என்றேன்.

நான் அழித்ததற்கு அடுத்த வருசம் அவ போனபோது யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை பூட்டி இரண்டு வருசம். கொள்ளி வைக்கப் போகமுடியாமல் இங்கே முன்னறையில் இருந்தேன். அன்று இரவு நீங்கள் படுத்த பிறகு கொம்பியூட்டரைப் போட்டு ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன், எங்கேயாவது ஒரு துண்டு மிஞ்சியிருக்காதா என்று. நீ தண்ணி குடிக்க எழும்பி வந்தாய். "என்னப்பா தேடுறியள்?" என்றாய். ஒஃபிஸ் கணக்கு என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்தாய். இந்த வீட்டில் கேட்காமல் போவதை உனக்குப் பழக்கினவன் நான்தான்.

வைரஸ் இல்லை, தம்பி.

முதல் ரயில் போகிறது. யன்னல் கண்ணாடி அதிர்கிறது. அம்மா எழும்பப் போகிறாள், முடிக்கிறேன்.

அவள் மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள். ஒடியல் மாவும் ஊரில் இருந்து வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பார்சல் போட வேண்டும். எந்த விலாசத்துக்கு என்று எழுது. வேறொன்றும் எழுதாவிட்டாலும் விலாசத்தை எழுது. தூளை இரண்டு பக்கெற்றாகக் கட்டச் சொன்னேன். ஏன் இரண்டு என்று அம்மா கேட்டாள். ஒன்று வழியில் உடைந்தாலும் மற்றது இருக்கும் என்றேன். இரண்டு விலாசம் தந்தாலும் சரி, தனித்தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா