2025–26 செயலாளர் ஆண்டறிக்கை: புதிய டொமைன் நீட்சிகளும் நம் டிரேட்மார்க்குகளும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் 2025–26 ஆண்டு அறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். செயற்குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குத்தான் போனது. இணைய முகவரியின் கடைசியில் வரும் டொமைன் நீட்சிகள் புதிது புதிதாகச் சேரும்போது உறுப்பினர்களின் டிரேட்மார்க்கை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அது. அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் என்று சிலவற்றை மட்டுமே கவனித்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. 2011 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த கூட்டத்தில், இணைய முகவரிகளை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு புதிய நீட்சிகளுக்கு அனுமதி அளித்தது. 2012-இல் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். முதல் நான்கு நீட்சிகள் 2013 அக்டோபரில் சேர்க்கப்பட்டன. நான்குமே அரபு, ரஷ்ய, சீன எழுத்துகளில் அமைந்தவை. அதன் பிறகு டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் ஆப் என்று ஆயிரத்து இருநூறுக்கும் மேல் வந்துவிட்டன. இப்போது அடுத்த சுற்று. 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை விண்ணப்பம் பெறுவதாக ஐகான் அறிவித்திருக்கிறது; கட்டணம் 2,27,000 டாலர். சொந்தமாக ஒரு நீட்சி வாங்கும் எண்ணம் நம்மில் யாருக்கும் இல்லை. ஆனால் யாரோ வாங்கப்போகும் நீட்சிகளில் நம் பெயரை வேறு யாராவது பதிந்துகொள்ளலாம். நமக்குக் கவலை அதுதான்.

"எல்லா நீட்சியிலும் நம் பெயரை வாங்கிப் போட்டுவிடலாமே" என்று பல உறுப்பினர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்பதே செயற்குழுவின் கருத்து, என் கருத்தும் அதுதான். ஆயிரம் நீட்சிகளில் ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சிறு தொழில் நடத்துபவரால் முடியாது. 2015-இல் 'மோசம்' என்று பொருள்படும் டாட் சக்ஸ் வந்தபோது, டிரேட்மார்க் உரிமையாளர்களுக்கான முன்னுரிமைக் காலத்தில் ஒரு பெயருக்கு 2,499 டாலர் கேட்டார்கள். பயத்தை விலையாக்கும் இந்த மாதிரி வியாபாரத்துக்கு நாம் பணம் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் சில நீட்சிகளில் மட்டும் பதியுங்கள், மீதியைக் கண்காணியுங்கள். இதைத்தான் ஆண்டு முழுக்கச் சொல்லிவந்தோம்.

அதற்கு அடிப்படை, டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் என்ற பொதுப் பதிவேடு. 2013 மார்ச்சிலிருந்து இயங்குகிறது. ஒரு டிரேட்மார்க் குறிக்கு ஆண்டுக்கு அடிப்படைக் கட்டணம் 150 டாலர். இதில் சேர்ந்தவருக்கு இரண்டு பயன்கள். முதலாவது சன்ரைஸ்: ஒரு நீட்சி பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன், குறைந்தது 30 நாள், குறியின் உரிமையாளர் முதலில் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். இரண்டாவது கிளெய்ம்ஸ் அறிவிப்பு: பொதுப் பதிவு தொடங்கிய பின் குறைந்தது 90 நாள், உங்கள் குறியை அப்படியே பதிய வருபவருக்கு எச்சரிக்கை காட்டப்படும். அதைப் பார்த்த பிறகும் பதிந்தால் உங்களுக்குத் தகவல் வரும். அவரைத் தடுக்காது, தகவல் மட்டும்தான். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயர்தான் இந்தப் பதிவேட்டின் கண்ணில் படும். ஓர் எழுத்தை மாற்றினாலோ பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தாலோ தப்பிவிடும். முன்பு வழக்கில் முறைகேடு என்று தீர்ப்பான பெயர்களை, ஒரு குறிக்கு 50 வரை, கூடுதலாகச் சேர்க்க வழி உண்டு. நாட்டுக் குறியீட்டு நீட்சிகளை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே இருப்பவையும் அந்த வகைதான். அவற்றுக்கு, அந்த நீட்சியை நடத்தும் பதிவகத்தின் விதியைப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் சேர்க்க உதவி செய்தபோது ஒன்று தெளிவானது. பல உறுப்பினர்களிடம் டிரேட்மார்க் பதிவுச் சான்றிதழே இல்லை, விண்ணப்ப எண் மட்டும் இருந்தது. நிலுவையில் உள்ள விண்ணப்பத்தைக் கிளியரிங்ஹவுஸ் ஏற்காது. சன்ரைஸில் கலந்துகொள்ள, குறியை நிஜமாகவே பயன்படுத்துகிறோம் என்பதற்கு லேபிள், விளம்பரம், கையேடு என்று ஒரு மாதிரியும் கொடுக்க வேண்டும். சென்ற சுற்றில் விண்ணப்பம் தொடங்கியதிலிருந்து முதல் நீட்சி வர ஏறக்குறைய இருபத்தொரு மாதம் ஆனது. இந்த முறையும் விண்ணப்பித்த மறுநாளே நீட்சி வந்துவிடாது. அந்த இடைவெளிக்குள் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு நம்மிடம் வந்த புகார்களில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஒரு உறுப்பினரின் குறியைப் புதிய நீட்சி ஒன்றில் யாரோ பதிந்து, அவருடைய லேபிள் படத்தையே போட்டுப் போலிக் கடை நடத்தினார்கள். ஆர்டர் கொடுத்தவர்களின் கார்டு எண் திருடப்பட்டது. உறுப்பினர் டிரேட்மார்க் புகாராகத்தான் எழுதிவந்தார். நாம் அதை ஃபிஷிங், அதாவது போலித் தளம் காட்டித் தகவல் திருடும் மோசடி, பற்றிய புகாராக மாற்றி எழுதச் சொன்னோம். காரணம், 2024 ஏப்ரல் 5 முதல் அமலில் உள்ள ஐகான் ஒப்பந்தத் திருத்தத்தின்படி, ஃபிஷிங், மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) போன்றவற்றுக்கு ஆதாரம் வந்தால், டொமைன் பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனமான பதிவாளர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். வெறும் குறி மீறல் அந்தப் பட்டியலில் இல்லை. தேதியும் முழு முகவரியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்கள், ஏமாந்த வாடிக்கையாளர் அனுப்பிய பணம் கட்டிய ரசீது, பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பாக அனுப்பினோம். பெயர் முடக்கப்பட்டது. பதிந்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. 2018-இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு, உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டே கிடைக்கின்றன.

இரண்டாவது புகார்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம் சங்கத்திலேயே இருவர் ஒரே சொல்லை வெவ்வேறு சரக்கு வகைகளில் பதிந்து வைத்திருக்கிறார்கள். டிரேட்மார்க் சட்டத்தில் 45 வகுப்புகள் உண்டு. இருவரும் தத்தம் வகுப்பில் முறையான உரிமையாளர்கள். ஆனால் ஒரு நீட்சியில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். சன்ரைஸில் இருவருக்குமே தகுதி இருக்கிறது. போட்டி வந்தால் சில பதிவகங்கள் ஏலம் விடும், சில முதலில் வந்தவருக்குக் கொடுக்கும். இருவரையும் உட்கார வைத்துப் பேசினோம். தொழிலுக்கு நெருக்கமான நீட்சிகளை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். பொதுவான நீட்சியில் இளையவர் தன் குறியோடு தொழிலின் பெயரையும் சேர்த்துப் பதிவதாக ஒப்புக்கொண்டார். இருவரின் முகப்புப் பக்கத்திலும் மற்றவருக்கு இணைப்பு இருக்கும். எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. ஏலத்துக்குப் போயிருந்தால் பணம் பதிவகத்துக்குத்தான் போயிருக்கும். விட்டுக்கொடுத்த இருவருக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

மூன்றாவதில் நாம் உதவ மறுத்தோம். அகராதியில் உள்ள சாதாரணச் சொல் ஒன்று ஒரு உறுப்பினரின் குறி. அவர் தொழில் தொடங்குவதற்கு முன்பே அதே சொல்லை வேறொருவர் டொமைனாகப் பதிந்து, சம்பந்தமே இல்லாத வேலைக்குப் பயன்படுத்தி வந்தார். அதைப் பறித்துத் தரச் சொன்னால் எப்படி? டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி முறையில் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் குறியோடு ஒத்தோ குழப்பும் அளவு நெருங்கியோ இருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். குறி பிறப்பதற்கு முன்பே பதிந்தவரிடம் கெட்ட எண்ணத்தை எப்படிக் காட்டுவது? வழக்கைத் தவறாகப் பயன்படுத்தியதாக நடுவர் எழுதிவிட்டால் அந்தக் கறை நம் உறுப்பினர் பெயரில்தான் ஒட்டும். அவருக்கு வருத்தம்தான், முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

செலவு பற்றிப் பலர் கேட்டதால் சுருக்கமாக: யுடிஆர்பி வழக்குக்கு, ஐ.நா.வின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் மையத்தில், ஐந்து பெயர்கள் வரை, ஒரே நடுவர் என்றால் 1,500 டாலர். வென்றால் பெயர் உங்களுக்கு மாற்றப்படும் அல்லது ரத்தாகும், நஷ்டஈடு கிடைக்காது. புதிய நீட்சிகளுக்காக உருவான யுஆர்எஸ் என்ற தகராறு முறை இதைவிட மலிவு, விரைவு. விளக்கத்தை 500 சொல்லுக்குள் எழுத வேண்டும், ஆதாரம் தெளிவாகவும் நம்பவைப்பதாகவும் இருக்க வேண்டும். ஆனால் அதில் பெயர் உங்கள் கைக்கு வராது, முடக்கப்படும், அவ்வளவுதான்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். சொந்த டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். வலைத்தளம் செய்து கொடுத்தவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பல பெயர்கள் இருக்கின்றன. அவர் நல்லவராகவே இருக்கலாம். புதுப்பிக்க மறந்தால் போவது உங்கள் பெயர்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. உறுப்பினர்களின் குறிகளைத் தொகுத்து, புதிதாகப் பதிவாகும் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு அமைப்பது. யுஆர்எஸ், யுடிஆர்பி கட்டணத்துக்குத் தவிக்கும் சிறு உறுப்பினருக்குத் திருப்பித் தரும் முன்பணமாக உதவ ஒரு நிதி தொடங்குவது. இரண்டையும் விவாதித்து, இந்த அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்