போனி பிளேரை ஓட வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஷாம்பெய்ன் நகரக் காவலர்களுக்கும், பிளேர் வீட்டாருக்கும், கூட நின்ற மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். ஐஸில் சறுக்கி ஓடும் பந்தயமான ஸ்பீடு ஸ்கேட்டிங்கை டிவியில் மட்டுமே பார்த்த ரசிகன் நான். அந்த விளையாட்டின் அமெரிக்க வீராங்கனை போனி பிளேருக்குக் கைதட்டல் நிறையவே கிடைத்துவிட்டது. 1988, 1992, 1994 என மூன்று ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம் என்றால் சும்மாவா! அவருக்குத் தோள் கொடுத்த உங்களைத்தான் அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

காவலர்களிடமிருந்தே தொடங்குகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த விளையாட்டில் காசு கிடையாது. இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் உங்கள் ஊரிலோ பல்கலைக்கழகத்தின் உள்ளரங்க ரிங்க் (ஐஸ் தளம்) மட்டும்தான். ஒலிம்பிக் பந்தயம் 400 மீட்டர் சுற்றில் நடக்கும். அந்த வளைவுகளில் பழக வேண்டுமென்றால் வெளியூர் போக வேண்டும், ஐரோப்பா வரைக்கும் போக வேண்டும். அந்தச் செலவை உங்கள் காவலர் நலச் சங்கம் தன் தலையில் போட்டுக்கொண்டது. குலுக்கல் சீட்டு விற்றீர்கள். கார் பம்பரில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அடித்தீர்கள். ஷாம்பெய்ன் போலீஸுக்கு ரொம்பப் பிடித்த அதிவேகக்காரி இவர்தான் என்று அதில் போட்டிருந்தீர்கள். வேகமாகப் போனால் அபராதம் எழுதுகிற கை, ஒரு பெண் இன்னும் வேகமாகப் போக வசூல் செய்தது! எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1984 சரயேவோ ஒலிம்பிக்கில் அவருக்கு 500 மீட்டரில் எட்டாவது இடம்தான். கணக்குப் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிற இடம் அது. நீங்கள் சுளித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

அடுத்து வீட்டார். ஆறு பிள்ளைகளில் போனி கடைக்குட்டி. 1964 மார்ச் 18 அன்று அப்பா சார்லி, பிரசவத்துக்கு அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மூத்த பிள்ளைகளை ஸ்கேட்டிங் போட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார். குழந்தை பிறந்த சேதியை அவர்கள் கேட்டது ரிங்க்கின் ஒலிபெருக்கியில்! (நம் வீடுகளில் இப்படிச் செய்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.) இரண்டு வயதில் அவர் காலுக்கு ஏற்ற ஸ்கேட் கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிடாமல், போட்டிருந்த ஷூவுக்கு மேலேயே ஸ்கேட்டை மாட்டி ஐஸில் இறக்கிவிட்டீர்கள். சார்லி 1989 கிறிஸ்துமஸ் அன்று போய்ச் சேர்ந்தார். 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் வென்ற 500 மீட்டர் தங்கத்தை போனி அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

அப்புறம் பயிற்சியாளர்கள். 1976இல் கனடாவுக்காக வெள்ளி வென்ற கேத்தி பிரீஸ்ட்னர் ஷாம்பெய்னுக்கு வந்து போனிக்குப் பயிற்சி கொடுக்காவிட்டால் அவருக்கு ஒலிம்பிக் பாதை அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது. கடைசி ஆண்டுகளில் நிக் தோமெட்ஸ். இருவருக்கும் நன்றி.

எதிராளிக்கு நன்றி சொல்வது சரியா என்று யோசித்தேன். சரிதான் என்றே படுகிறது. 1988 கல்கரி ஒலிம்பிக்கில், 500 மீட்டரில், கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா ரோத்தன்பர்கர் போனிக்கு முன்பே ஓடி 39.12 நொடியில் உலக சாதனை வைத்துவிட்டுப் போனார். அப்புறம் ஓடிய போனிக்கு 39.10. அந்த வேகத்தில் இந்த வித்தியாசம் ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். 1992இல் 1000 மீட்டரில் சீனாவின் யே சியாவ்போவை முந்தியதும் அதே 0.02 நொடியில். துரத்த இப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான் போனி இவ்வளவு வேகம் போனார் என்று நினைக்கிறேன்.

ஊர் ஊராகப் பின்னாலேயே போய்க் கத்திய பிளேர் கூட்டத்துக்கும் ஒரு கும்பிடு. பதக்க மேடையிலிருந்து பார்த்தால் அம்மாவும் அண்ணன் அக்காக்களும் சொந்தக்காரர்களும் ஒரே இடத்தில் தெரிவது எவ்வளவு பெரிய தெம்பு! 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் 1000 மீட்டரை 1.38 நொடி வித்தியாசத்தில் வென்றபோதும் உங்கள் சத்தம்தான்.

கடைசியாக, கல்கரியின் ஐஸ் பந்தய அரங்கமான ஓவலின் ஊழியர்களுக்கு. அந்த ஊர் கடல் மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று லேசு, எதிர்ப்பும் குறைவு. அது இயற்கை கொடுத்தது. ஐஸ் மட்டும் தானாக வழவழப்பாகிவிடாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதைச் செதுக்கி, சுடுநீர் விட்டுச் சமன் செய்தவர்கள் நீங்கள். பெண்களில் முதன்முதலாக 39 நொடிக்குள் 500 மீட்டரை முடித்த 38.99 (1994), அதையும் உடைத்த 38.69 (1995) இரண்டுமே உங்கள் ஐஸில்தான். தன் 31ஆவது பிறந்தநாளன்று கடைசிப் பந்தயத்தை ஓடவும் போனி உங்களிடமே வந்தார்.

அன்புடன்,
ஒரு ரசிகன்